தமியா டிஎஸ்ஸா, டச்-அப் டப்பாவா? மாடல் கார் பாடிக்கு எந்த ஸ்ப்ரே

1/24 அளவு (நிஜக் காரில் 24-ல் ஒரு பங்கு) கார் கிட்டில், அதாவது துண்டுகளை ஒட்டிச் செய்யும் மாடலில், இன்ஜினை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும், பார்ப்பவர் கண் முதலில் போவது பாடியின் பளபளப்புக்குத்தான். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்ட் தூவும் சின்னக் கருவி) இல்லாதவர்களுக்கு ஸ்ப்ரே டப்பாதான் வழி. பலரும் மூடியின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். உள்ளே இருக்கும் கரைப்பான் பிளாஸ்டிக்கை என்ன செய்யும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கிட் கார்களின் பாடி பெரும்பாலும் பாலிஸ்டைரீன் (சுருக்கமாக ஸ்டைரீன்) என்ற பிளாஸ்டிக். அதற்கென்றே வருவது ஜப்பானிய மாடல் கம்பெனி தமியாவின் டிஎஸ் (TS) ஸ்ப்ரே வரிசை. 100 மில்லி டப்பா, லாக்கர் (கரைப்பான் ஆவியாகிக் காயும் பெயிண்ட்) வகை. மெல்லிசாகப் படியும், சீக்கிரம் காயும், கதவு இடுக்குக் கோடுகளை அடைக்காது. டிஎஸ்-8 இத்தாலியன் ரெட்டைப் பிங்க் பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) மேல் அடித்துப் பாருங்கள், சிவப்பு தனி ஆழத்தோடு நிற்கும். டிஎஸ்-13 கிளியரிடம் (கடைசியில் அடிக்கும் நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. டெக்கால் (கிட்டோடு வரும் மெல்லிய ஒட்டுப்படம்) மேல் எடுத்த எடுப்பிலேயே ஈரமாக அடித்தால் டெக்கால் சுருங்கிவிடும். முதல் சில கோட்டுகள் (பூச்சுகள்) தூவினாற்போல இருக்கட்டும்.

இன்னொரு ஜப்பானியக் கம்பெனி ஜிஎஸ்ஐ கிரியோஸின் மிஸ்டர் கலர் ஸ்ப்ரேயும் லாக்கர்தான், தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எது கிடைக்கிறதோ அதை வாங்கலாம். அவர்களுடைய மிஸ்டர் சர்ஃபேசர் பிரைமர் 1000, 1200, 1500 என்று வரும். எண் கூடக் கூட நைஸாக இருக்கும். அதன் மேல் டிஎஸ் தாராளமாக அடிக்கலாம்.

உண்மையான போட்டி நிஜக் கார்களின் கீறலை மறைக்க விற்கும் டச்-அப் ஸ்ப்ரேயிடமிருந்துதான். உங்கள் வீட்டுக் காரையே மாடலாகச் செய்கிறீர்கள், கம்பெனி கலர் கோட் எண்ணுக்குரிய நிறம் அப்படியே வேண்டும் என்றால் டிஎஸ் பட்டியலில் அது இருக்காது. டச்-அப்பில் கிடைக்கும். ஆனால் இது உலோகத் தகட்டுக்காகச் செய்தது, கரைப்பான் காரம் அதிகம். வெறும் ஸ்டைரீன் மேல் பட்டால் மேற்பரப்பு வெடிப்பு வெடிப்பாகிவிடும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. முழுவதும் மூடும்படி பிரைமர் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மெல்லிய கோட்டுகளாக ஏற்றினால் தப்பிக்கலாம். பாடிக்கு முன்னால் கிட் சட்டத்தில் மிஞ்சிய துண்டில் அடித்துப் பார்ப்பது கட்டாயம். மெட்டாலிக் நிறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: நிஜக் காருக்கு அளவான மினுக்குத் துகள் 1/24 பாடியில் ஜிகினா தூவியதுபோலத் தெரியும். அதனால் சாலிட் நிறத்துக்கு டச்-அப், மெட்டாலிக்குக் கூடியவரை டிஎஸ் என்பது என் கட்சி.

ஹார்டுவேர் கடை எனாமல் ஸ்ப்ரே விலை மலிவு, அவ்வளவுதான். தடிமனாக விழும், காய நாளாகும், அதற்குள் தூசி ஒட்டும். அதன் மேல் லாக்கர் கிளியர் அடித்தால் சுருங்கிப்போகும். லாக்கர் மேல் எனாமல் போகலாம், எனாமல் மேல் லாக்கர் கூடாது. வீட்டு இரும்பு கேட்டுக்கு அடிக்க நல்ல பெயிண்ட்!

ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கே வேறு. அந்தக் கண்ணாடி போன்ற பாடி பாலிகார்பனேட் என்ற வேறு பிளாஸ்டிக். அதற்குத் தமியாவின் பிஎஸ் (PS) வரிசைதான். உள்பக்கமாக அடிக்க வேண்டும், அடர் நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு. டிஎஸ் அடித்தால் முதல் மோதலிலேயே உரிந்து விழும். மாற்றி, பிஎஸ்ஸை ஸ்டைரீன் மேல் அடிக்கவும் கூடாது.

எந்த லாக்கரானாலும் மழை நாளில் டப்பாவைத் தொடாதீர்கள். காற்றின் ஈரம் காயும் பெயிண்டில் படிந்து வெள்ளை பூத்துவிடும். அப்புறம், இது பால்கனியில் மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யும் வேலை, படுக்கையறையில் அல்ல.