ஸ்க்விட் லாக்: நேட்டிவா, கம்பைண்டா?

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி லேபுக்கு ஸ்க்விட் ப்ராக்ஸி (லேப் கணினிகளுக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று, வந்த பக்கங்களின் நகலைக் கேஷில் வைத்துக்கொள்ளும் மென்பொருள்) அமைத்துக் கொடுத்தபோது, ஆக்சஸ் லாகை, அதாவது ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி எழுதும் பதிவை, எந்த வடிவத்தில் எழுத வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஸ்க்விட்டின் சொந்த நேட்டிவ் வடிவம் ஒன்று, அப்பாச்சி வெப் சர்வர் பாணியிலான கம்பைண்ட் இன்னொன்று. நான் நேட்டிவை எடுத்தேன். இன்னொரு லேபுக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கம்பைண்டின் வசதிகள் தெரிந்தவைதான். தேதியும் நேரமும் பார்த்தவுடன் புரியும், பிரவுசர் பெயரும் பதிவாகும், வெப் சர்வர் லாக் பார்த்துப் பழகியவருக்குப் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. நேட்டிவில் நேரம் 1700000000 என்று எபோக் எண்ணாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணிய விநாடிகள்) நிற்கும். அது நம்மூர் நேரத்துக்கு 2023 நவம்பர் 15 அதிகாலை 3.43 என்று யார் மனக்கணக்கு போடுவது? எரிச்சல்தான், ஆனால் ஒரு வரி ஸ்கிரிப்டில் தீர்ந்துவிடும்.

ஸ்டேட்டஸ் கோடு, அதாவது பதில் எப்படி முடிந்தது என்று சொல்லும் எச்டிடிபி எண், படிப்பதில்தான் வித்தியாசம் தொடங்குகிறது. நேட்டிவில் கேஷ் முடிவும் (கேஷிலிருந்தே பதில் கிடைத்தால் ஹிட், இல்லையென்றால் மிஸ்) எச்டிடிபி எண்ணும் ஒட்டியே இருக்கும்: டிசிபி_மிஸ்/304 என்று. 304 என்றால் 'மாறவில்லை'. கம்பைண்டில் 304 வரியின் நடுவில், டிசிபி_மிஸ் வரியின் கடைசியில், இடையில் நீளமான பிரவுசர் விவரம். கண் 304-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடிவிடும். தனி 304 பாதிக் கதைதான். டிசிபி_ஐஎம்எஸ்_ஹிட்/304 என்றால் ஸ்க்விட்டே தன்னிடமுள்ள நகலை வைத்து 'மாறவில்லை' என்று பதில் சொல்லிவிட்டது. டிசிபி_மிஸ்/304 என்றால் கேள்வி வெளி சர்வர் வரை போய்த் திரும்பியிருக்கிறது. டிசிபி_ரெஃப்ரெஷ்_அன்மாடிஃபைட் என்றால் நகல் இருந்தும் ஸ்க்விட் ஒருமுறை சர்வரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டது.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது நேட்டிவ் வரியின் இரண்டாவது நெடுவரிசைதான்: ஒரு கோரிக்கைக்கு ஆன நேரம், மில்லி செகண்டில். கம்பைண்டில் இது கிடையவே கிடையாது. "சார், நெட்டு இழுக்குது" என்று லேபிலிருந்து போன் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். மிஸ் வரிகளில் மட்டும் நேரம் எகிறியிருந்தால் சந்தேகம் வெளி லைன் மேல், அல்லது அந்தத் தளத்தின் மேல். ஹிட் வரிகளிலும் எகிறியிருந்தால் வெளியே யாரையும் திட்டிப் பயனில்லை. நம் டிஸ்க்கோ, ஸ்விட்சோ, வைஃபையோதான். 503 (சேவை கிடைக்கவில்லை) வந்தாலும் அப்படியே. சில மில்லி செகண்டில் வந்த 503-உம் ஒரு நிமிடம் இழுத்து வந்த 503-உம் ஒன்றல்ல. முன்னதில் இணைப்பு உடனே மறுக்கப்பட்டிருக்கலாம், பின்னதில் பதிலே வராமல் காத்திருந்து கைவிட்டிருக்கலாம். ஸ்க்விட் இணைப்புக்காகக் காத்திருக்கும் டீஃபால்ட் நேரம் ஒரு நிமிடம்.

ஒரு எச்சரிக்கை: டிசிபி_டனல்/200 வரிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது எச்டிடிபிஎஸ் இணைப்பு முழுவதும் திறந்திருந்த நேரம், வேகமல்ல. இன்று பெரும்பாலான போக்குவரத்து இப்படித்தான் போகிறது என்பதால், டனலின் குறியாக்கத்தைப் பிரித்து உள்ளே பார்க்காத வரை கேஷ் ஹிட் சதவீதம் என்று பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. எங்கள் லேபில் ஹிட் என்று கண்ணில் படுவது பெரும்பாலும் உபுண்டு அப்டேட்தான், அது சாதா எச்டிடிபியில் வருவதால். அதிலும் ஒரே பேக்கேஜ் திரும்பத் திரும்ப டிசிபி_மிஸ்/200 என்று வந்தால் அளவைப் பாருங்கள். டிஸ்க் கேஷில் ஒரு பொருளுக்கான டீஃபால்ட் உச்சவரம்பு 4 எம்பி.

டிசிபி_டினைட்/407 குவிந்து கிடந்தால் பதற வேண்டாம், பாஸ்வேர்ட் கேட்கும் முதல் சுற்று அது. டிசிபி_டினைட்/403 என்றால்தான் நம் விதி தடுத்திருக்கிறது.

நான் சொல்வதெல்லாம் ஒற்றை ப்ராக்ஸி, ஒரு லேப் அளவுக்கு. பல ப்ராக்ஸிகளைக் கோத்து ஓட்டும் பெரிய இடத்தில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே கணக்கு மாறலாம்.

பிரவுசர் விவரம் கட்டாயம் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால், கான்ஃபிக் ஃபைலில் ஆக்சஸ் லாக் வரியை இரண்டு முறை போட்டு இரண்டு வடிவத்தையும் தனித்தனி ஃபைலில் எழுத வைக்கலாம். டிஸ்க் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும், கம்பைண்ட் வரி நீளம் என்பதால்.