மிலானா, கூய்யா, மன்யேயா? அடுத்த ஸ்பிரிண்ட் ராஜா யார்

2009 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மார்க் கேவென்டிஷ் ஒருவரே ஆறு ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்) ஜெயித்தார். 2025 டூரில் 21 ஸ்டேஜ்களில் கூட்ட ஸ்பிரிண்டில், அதாவது மொத்தக் கூட்டமும் ஒன்றாகக் கோட்டை நோக்கிப் பாய்வதில், முடிந்தவையே மொத்தம் ஐந்துதான்: லீல், டன்கிர்க், லவால், ஷாத்தோரூ, வலான்ஸ். அதிலும் லீலில் பக்கக் காற்று கூட்டத்தைப் பிய்த்துப் போட்டபின் மிச்சமிருந்தவர்கள் மோதியதுதான். ஸ்பிரிண்டர்களுக்கென்றே ஒதுக்கிவைத்த மாதிரி இருந்த பாரிஸ் கடைசி நாளையும் விட்டுவைக்கவில்லை. மோன்மார்த்ர் மேட்டை மூன்று தடவை ஏறவைத்தார்கள். வவுட் வான் ஆர்ட் தனியாக வந்து ஜெயித்தார்.

ஆக, இலை சின்னதாகிவிட்டது, பந்தியில் ஆட்கள் மட்டும் குறையவில்லை. 2000-லும் அதற்குப் பிறகும் பிறந்த வேகக்காரர்களே அரை டஜன் பேர் இருக்கிறார்கள். இவர்களில் யார் தேறுவார்?

ஞாயிறு காலை ஹெப்பாளில் கூடி தேவனஹள்ளி தாண்டிப் போய்த் திரும்பும் எங்கள் பெங்களூர்த் தமிழ்க் கூட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருக்கிறது. ஹலசூரு அண்ணன் ஒருவர் இத்தாலிக்காரர் ஜொனாதன் மிலான் கட்சி. "ஆளோட சைஸைப் பாருப்பா, அதுவே பாதி ஜெயிப்பு" என்பார். கம்மனஹள்ளியிலிருந்து வரும் பதினேழு வயதுப் பையன் நெதர்லாந்துக்காரர் ஓலாவ் கூய் கட்சி. "அண்ணா, ட்ரெயின் இல்லாமலே ஜெயிக்கிறாரே, அவர்தானே நிஜமான ஸ்பிரிண்டர்?" என்பான். ட்ரெயின் என்றால் கடைசி கிலோமீட்டர்களில் ஸ்பிரிண்டருக்கு முன்னால் வரிசைகட்டி இழுத்துவிடும் சக அணியினர். என் கணக்கு இருவரோடும் ஒத்துப்போகாது. கால் வேகத்தைப் பார்த்து ஸ்பிரிண்டரை எடைபோடக் கூடாது, எந்த அணியில் இருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் மிலானும் கூய்யும். இருவரும் நேருக்கு நேர் மோதியதில் எனக்குப் பிடித்தது இத்தாலியின் மூன்று வாரச் சுற்றான ஜீரோ டி இத்தாலியாவில் 2024-ன் ஒன்பதாம் ஸ்டேஜ், நேப்பிள்ஸ் கடற்கரைச் சாலை. எக்வடோர்க்காரர் ஜொனாதன் நார்வாயஸ் தனியாகத் தப்பி வந்து, கோடு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பிடிபடுகிறார். மிலான் தன் வழக்கப்படி தோளையும் தலையையும் ஆட்டிக்கொண்டு, சைக்கிளை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து மிதிக்கிறார். கூய்யோ கடைசிவரை ஒதுங்கி இருந்துவிட்டு, முடிவில்தான் தாண்டி வருகிறார். கூய் முதலிடம், மிலான் இரண்டாமிடம்.

இதன் சூட்சுமம் காற்றில் இருக்கிறது. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் கன மடங்காக ஏறும். மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 70-க்குப் போக, காற்றுக்கு மட்டுமே ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு அடி பின்னால் ஒட்டிக்கொண்டால் அந்தச் சுமையில் கணிசமான பகுதி மறைந்துவிடும். ஏர்போர்ட் ரோட்டில் வடக்கிலிருந்து எதிர்காற்று அடிக்கும் காலையில் இது எங்களைப் போன்ற தொப்பைக்காரர்களுக்கே தெரியும். ஒட்டிப் போகும்வரை பேச்சு வரும், அரை அடி வெளியே வந்ததும் மூச்சு நின்றுவிடும். மிலான் 190 சென்டிமீட்டரைத் தாண்டிய ஆள். அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தாராளம். அந்த நிழலில் உட்கார்ந்து வந்து, கடைசியில் எட்டிப்பார்ப்பது கூய் போன்றவர்களின் கலை.

அப்படியென்றால் கூய்தான் சிறந்தவர் என்று பையன் குதிப்பான். பொறுடா தம்பி. அடுத்த ஆண்டுக் கணக்கையும் பார்.

மிலான் வந்த பள்ளி வேறு. அவர் டிராக்கில், அதாவது சைக்கிளுக்கென்று கட்டிய வட்டப் பாதையில், வளர்ந்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் நால்வர் அணிப் பந்தயத்தில் இத்தாலிக்குத் தங்கம். 4 கிலோமீட்டரை 3 நிமிடம் 42.032 நொடியில் முடித்தது அந்த அணி. 2024 அக்டோபரில் டென்மார்க்கில் நடந்த உலகப் போட்டியில், அதே தூரத்தைத் தனியாக 3 நிமிடம் 59.153 நொடியில் ஓட்டினார். அப்போது அது உலக சாதனை. நான்கு நிமிடம் முழுக்க எரியும் எஞ்சின் இருப்பதால், மற்றவர்கள் 200 மீட்டரில் தொடங்கும் ஸ்பிரிண்டை இவர் இன்னும் தள்ளியிருந்தே தொடங்கத் துணிகிறார். ஒலிம்பிக் அணியில் கூட இருந்த சிமோனே கொன்சோன்னியே லிடில்-ட்ரெக் அணியில் அவருக்குக் கடைசியாக இழுத்துவிடுபவர். இப்படி ஒரு கூட்டணியைக் காசு கொடுத்துக்கூட வாங்க முடியாது.

பலன், 2023-லும் 2024-லும் ஜீரோவில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கான புள்ளிகள் ஜெர்சி. 2025-ல் முதல் டூரிலேயே லவாலில் ஒன்று, மழையில் நனைந்த வலான்ஸில் ஒன்று, பாரிஸில் பச்சை ஜெர்சி (டூரின் புள்ளிகள் ஜெர்சி அதுதான்). லவால் வெற்றி, 2019-ல் நிபாலி ஜெயித்ததற்குப் பிறகு டூரில் இத்தாலியருக்குக் கிடைத்த முதல் ஸ்டேஜ். இடையில் வரும் ஸ்பிரிண்ட் புள்ளிகளையும் சலிக்காமல் பொறுக்கினார். பச்சை ஜெர்சிக்கு அது முக்கியம்.

ஆனால் அதே டூரில் டன்கிர்க்கிலும் ஷாத்தோரூவிலும் மிலான் இரண்டாமிடம்தான். இரண்டு தடவையும் முன்னால் இருந்தவர் பெல்ஜியக்காரர் டிம் மெர்லியே, அப்போது வயது 32. நேர் கோட்டில் வெறும் வேகம் என்று வைத்தால் இந்த இளசுகள் யாரும் இன்னும் மெர்லியேயை மிஞ்சவில்லை என்றே நினைக்கிறேன். மெர்லியேயின் பெயரை இன்னொரு தடவையும் இழுக்க வேண்டியிருக்கும்.

கூய்யின் கதைக்கு வருவோம். 2001 அக்டோபரில் பிறந்தவர். ஜீரோவில் 2024-ல் ஒரு ஸ்டேஜ், 2025-ல் வியாதானாவிலும் ரோமிலும் இரண்டு. வியாதானாவில் அணித்தோழர் வான் ஆர்ட்டே இழுத்துவிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ட்ரெயின் இல்லாமலே ஜெயிக்கிறார் என்ற பையனின் வாதம் அங்கே கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. இவ்வளவு வேகம் இருந்தும் 2025 முடியும்வரை அவர் ஒரு டூர்கூட ஓட்டவில்லை. காரணம் எளிது. அவர் இருந்த விஸ்மா அணி டூருக்குப் போவது தன் மலைத் தலைவர் விங்கேகோருக்கு மஞ்சள் ஜெர்சி, அதாவது மொத்த நேரத்தில் முதலிடம், வாங்க. ஓர் அணிக்கு எட்டே இடம். ஸ்பிரிண்டருக்கு ஒன்று, அவரை இழுக்க இரண்டு என்று கொடுத்தால் மலையில் வேலை பார்க்க ஆளிருக்காது. அதனால் 2026-ல் டெக்கத்லான் அணிக்குப் போய்விட்டார். (நமக்கு டெக்கத்லான் என்றால் சர்ஜாபூர் ரோடு கடையும் அங்கே வாங்கிய பேடட் ஷார்ட்ஸும்தான். அவர்கள் உலகத்தரமான ஸ்பிரிண்டரை வைத்திருக்கிறார்கள் என்றால் பாதிப் பேர் நம்புவதில்லை.) பிரச்சினை என்னவென்றால் அங்கேயும் போல் செக்ஸா என்ற 2006-ல் பிறந்த பிரெஞ்சுப் பையன் வளர்ந்துகொண்டிருக்கிறான். 2025-ல் இளைஞர்களுக்கான சுற்றான டூர் டி லாவெனீரை ஜெயித்தவன். அவன் மஞ்சள் ஜெர்சிக்குத் தயாராகும் நாளில் கூய் மறுபடியும் அதே வரிசையில் நிற்கக்கூடும்.

மிலானுக்கும் இந்தத் தலைவலி வரலாம். லிடில்-ட்ரெக் 2026-க்கு ஹுவான் அயுசோவை எடுத்திருக்கிறது. மலையேறும் தலைவருக்கும் ஸ்பிரிண்டருக்கும் ஒரே எட்டுப் பேரைப் பங்குவைக்க வேண்டும். ஹலசூரு அண்ணன் இதைக் கேட்டால் கோபப்படுவார், ஆனால் பச்சை ஜெர்சியை ஜெயித்த ஆளைக் கழற்றிவிட மாட்டார்கள் என்பதால் மிலான் ஓரளவு பத்திரம்.

அணிதான் முக்கியம் என்று நான் அடித்துச் சொல்லக் காரணம் குயிக்-ஸ்டெப் என்ற பெல்ஜிய அணி. அந்த அணியை விட்டு வெளியே போன ஸ்பிரிண்டர்களின் பட்டியலைப் பாருங்கள். மார்செல் கிட்டெல் 2017 டூரில் அங்கிருந்து ஐந்து ஸ்டேஜ் ஜெயித்தார். அதில் ஒன்று நுயி-சான்-ஜோர்ஜில் போவாசன் ஹாகனை 0.0003 நொடியில், 6 மில்லிமீட்டரில் முந்தியது. 2018-ல் அணி மாறினார். 2019-ல் ஓய்வே பெற்றுவிட்டார், வயது 31. ஃபெர்னாண்டோ கவிரியா 22 வயதில் ஜீரோவில் நான்கு ஸ்டேஜ். 2018-ல் டூரின் முதல் நாளே ஜெயித்து மஞ்சள் ஜெர்சி போட்டார். அணி மாறியபின் அந்தக் கவிரியாவை மறுபடி பார்க்கவில்லை. எலியா விவியானி 2018 ஜீரோவில் நான்கு ஸ்டேஜ்; மாறிய 2020-ல் ஒரு வெற்றிகூட இல்லை. சாம் பென்னட் 2020-ல் பச்சை ஜெர்சி, ஃபாபியோ யாகோப்சன் ஸ்பெயின் சுற்றான வுவெல்டாவில் 2021-ல் மூன்று ஸ்டேஜ். இருவரும் வெளியே போனபின் அதே அளவுக்கு வரவில்லை. இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் கால் வேகம் குறைந்ததா என்ன? இழுத்துவிடும் ஆள், கடைசி மூன்று கிலோமீட்டரில் எந்தத் திருப்பத்தில் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள், ஸ்பிரிண்டருக்காகவே அணி என்ற மனநிலை: போனவை இவைதான். காயம், வயது, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்ததுதான் என்று அண்ணன் மறுப்பார். அதுவும் உண்மை. ஆனால் ஐந்து பேருக்கும் ஒரே கதை என்றால் எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை.

அதனால்தான் போல் மன்யே. 2004 ஏப்ரலில் டெக்சாஸில் பிறந்த பிரெஞ்சுக்காரர், மவுண்டன் பைக்கில் ஓடி வளர்ந்தவர், இருப்பது குயிக்-ஸ்டெப்பிலேயே. 20 வயதில் 2024 பிரிட்டன் சுற்றில் மூன்று ஸ்டேஜ். 2025 தொடக்கத்தில் பெல்ஜியத்தின் ஓம்லோப் பந்தயத்தில், கல் பாவிய ரோடும் மேடும் தாண்டி வந்து இரண்டாமிடம். பெல்ஜியத்தின் பெயர்பெற்ற ஸ்பிரிண்டர் பிலிப்சன் அவருக்குப் பின்னால். ஆண்டு முடிவில் 19 வெற்றி, டூர் சாம்பியன் போகச்சாரைவிட ஒன்றுதான் குறைவு.

அந்த 19-ஐ அப்படியே விழுங்கக் கூடாது. அதில் ஐந்து, பருவம் முடிகிற அக்டோபரில் சீனாவின் குவாங்சியில், எல்லோரும் களைத்துப் போயிருக்கும் நேரத்தில் வந்தவை. ஸ்லோவாக்கியச் சுற்றிலும் அடுக்கினார். அங்கே மிலானும் மெர்லியேயும் எதிரே இல்லை. அதே ஆண்டு ஜீரோவில் முதல்முறையாக ஓட்டியபோது ஒரு ஸ்டேஜும் கிடைக்கவில்லை. பையன் இதைச் சொல்லித்தான் என்னை மடக்குவான். என் கண் குவாங்சியில் இல்லை, ஓம்லோப்பில். தட்டையான ஸ்டேஜ்கள் சுருங்கும் காலத்தில், மேட்டில் கழன்றுவிடாத ஸ்பிரிண்டருக்குத்தான் வேலை அதிகம். மலைத் தலைவர் எவனெபூல் அணியை விட்டுப் போய்விட்டதால் குயிக்-ஸ்டெப்பும் மலைக் கனவை மடித்துவைத்துவிட்டு, பழைய தொழிலான ஸ்பிரிண்டுக்கும் ஒருநாள் பந்தயங்களுக்கும் திரும்புகிறது.

மற்றவர்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆர்னோ டி லி, 2002-ல் பிறந்த பெல்ஜியக்காரர், வீட்டில் மாட்டுப்பண்ணை, பட்டப்பெயரே காளை. லேசான ஏற்றத்தில் முடியும் கோடு என்றால் இவரைத் தாண்டுவது கஷ்டம். 2023 கியூபெக் பந்தயம் அப்படித்தான் கிடைத்தது. ஆனால் நிலையாக இருப்பதில்லை. 2025 வசந்தத்தில் ஆளையே காணோம், ஆகஸ்டில் ரெனெவி சுற்றையே ஜெயித்தார். மேத்யூ பிரென்னன் 2005-ல் பிறந்த பிரிட்டிஷ்காரர். விஸ்மாவில் முதல் முழு ஆண்டிலேயே கேட்டலோனியா சுற்றில் இரண்டு ஸ்டேஜ். கூய் காலி செய்த நாற்காலி இவருக்குத்தான், ஆனால் விங்கேகோர் இருக்கும் வீட்டில் அந்த நாற்காலி எவ்வளவு பெரியது என்று மேலே பார்த்தோம். எரித்ரியாக்காரர் பினியம் கிர்மாயைப் பெயர் சொல்லாமல் விட முடியாது: 2024 டூரில் மூன்று ஸ்டேஜ், பச்சை ஜெர்சி, அதை வாங்கிய முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். அடுத்த ஆண்டு வெற்றியே இல்லை. ஸ்பிரிண்டரின் வாழ்வு இப்படித்தான் ஏறி இறங்கும். காலெப் யூவன் போல டூரில் ஐந்து ஸ்டேஜ் ஜெயித்த ஆள் 2025-ல் 30 வயதில் போதும் என்று கிளம்பிவிட்டார்.

அப்புறம் பயம். 2020-ல் போலந்தின் காட்டோவிட்சேயில், இறக்கத்தில் வைத்த கோட்டுக்கு முன்னால் யாகோப்சன் தடுப்பில் மோதி உயிர் பிழைத்ததே பெரிது. இப்போது ஆபத்தாக ஓட்டினால் மஞ்சள் அட்டை. ஒரே பந்தயத்தில் இரண்டு வாங்கினால் வெளியே. 20 வயதில் இடுக்கில் தலையை நுழைக்கிறவர் 28 வயதில் அதே இடுக்கைப் பார்த்து பிரேக்கைத் தொடுவார். இந்த விஷயத்தில் கூய் மற்றவர்களைவிட நிதானமானவர், தேவையில்லாமல் இடிப்பதில்லை. அவர் நீண்டகாலம் தாக்குப்பிடிக்க இது உதவும் என்பதில் பையனோடு எனக்கு முழு உடன்பாடு.

சரி, என் தீர்ப்பு. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுப் பச்சை ஜெர்சி என்று கேட்டால் மிலான். கொன்சோன்னி பக்கத்தில் இருக்கும்வரை அவரோடு போட்டி போட ஆள் குறைவு. கூய்க்கு டூரில் ஒரு ஸ்டேஜ் வருமென்று நம்புகிறேன், அதற்கு மேல் பந்தயம் கட்ட மாட்டேன். 30 வயதில் யாருடைய வெற்றிக் கணக்கு பெரியதாக இருக்கும் என்றால் மன்யே. அவருக்குத் தடை வெளியே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மெர்லியேயும் குயிக்-ஸ்டெப்தான். முதல் டூர் ஸ்டேஜையே 28 வயதில் ஜெயித்துவிட்டு 32-ல் உச்சத்தில் இருக்கிறவரை ஓரங்கட்டி, 22 வயதுக்காரரை டூருக்கு அனுப்ப எந்த மேலாளருக்கும் மனசு வராது. மன்யே ஜீரோவில் இரண்டு மூன்று ஸ்டேஜ் எடுத்துக் காட்டினால் ஒழிய அந்தக் கதவு திறக்காது.