ரிப்பேர் மேஜைக்கு 30 எம்.ஏ. ஆர்.சி.சி.பி: எந்த ஷாக்கைத் தடுக்கும், எதைத் தடுக்காது

ஓசிலோஸ்கோப்புக்கு (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) காசு சேர்க்கும் முன், வடசென்னையில் எஸ்.எம்.பி.எஸ். (மின்னணுப் பொருட்களின் பவர் சப்ளை) போர்டு பழுது பார்ப்பவர் வாங்கி மாட்ட வேண்டிய பெட்டி ஒன்று இருக்கிறது: 30 எம்.ஏ. (மில்லி ஆம்பியர்) ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் தரைக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பெட்டி. பழைய ஆட்கள் இ.எல்.சி.பி. என்பார்கள், வீட்டில் ட்ரிப்பர். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் ரிப்பேர் கடை என்றால் பெரும்பாலும் தரைத்தளத்தில் ஒற்றை அறை, சிமென்ட் தரை. ஐப்பசி மழையில் அந்தத் தரை காயவே காயாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உட்கார்ந்தால், கையில் பட்ட ஃபேஸ் கால் வழியாக இறங்க அதைவிட நல்ல பாதை கிடைக்காது.

இந்தப் பெட்டி கவனிப்பது ஒன்றைத்தான். ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா? வரவில்லை என்றால் எங்கோ தரைக்கு இறங்குகிறது. கசிவு 15 எம்.ஏ. வரை ட்ரிப் ஆகக் கூடாது, 30-க்குள் ஆகியே தீர வேண்டும். 30 எம்.ஏ. கசிவுக்கு 0.3 விநாடிக்குள், 150 எம்.ஏ. தாண்டினால் 0.04 விநாடிக்குள் கட் ஆக வேண்டும். ஈரக் கை, ஈரத் தரை, உடம்பின் தடை 1,000 ஓம் என்று வைத்தால் 230 வோல்ட்டில் பாய்வது 230 எம்.ஏ. அப்போது 0.04 விநாடியில் கட் ஆகிவிடும். "இதைப் போட்டா ஷாக்கே அடிக்காது சார்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். அடிக்கும், நன்றாகவே தூக்கி அடிக்கும். விரல் மடங்கி வயரைப் பிடித்தபடி விட முடியாமல் நிற்கும் அந்தச் சில விநாடிகள்தான் ஆளைக் கொல்லும். பெட்டி அதைத் தவிர்க்கிறது.

பாரிமுனைக் கடைகளில் வாங்கும்போது கேட்க வேண்டியது: டூ போல், 25 ஆம்பியர், 30 எம்.ஏ., ஏ டைப். நான்கையும் சொல்லாவிட்டால் 100 அல்லது 300 எம்.ஏ. பெட்டி கைக்கு வந்துவிடும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அவை தீப்பிடிக்காமல் இருக்கப் போடுபவை, ஆளைக் காக்க அல்ல. முகப்பில் ஐ.எஸ். 12640 எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஹேவல்ஸ், லெக்ராண்ட், ஷ்னைடர் எல்லாவற்றிலும் இந்த வகை உண்டு. சுமார் 1,500 முதல் 2,500 ரூபாய், கடைக்குக் கடை மாறும்.

ஏ டைப்பை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். போர்டில் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்குப் பிறகு வரும் ஹாட் கிரவுண்டை (மெயின் லைனோடு தொடர்புள்ள கிரவுண்டை) தொட்டால், உடம்பு வழியாகப் பாய்வது முழு ஏ.சி. இல்லை, பாதி அலை மட்டும். சாதாரண ஏ.சி. டைப் பெட்டி இதை உணராமலே போகலாம். அடையாளம் சுலபம்: முகப்புக் குறியில் நெளிகோடு மட்டும் இருந்தால் ஏ.சி. டைப், அதன் கீழே பாதி மேடுகளும் வரைந்திருந்தால் ஏ டைப். டிவி, இன்டக்ஷன் ஸ்டவ் போர்டு பார்ப்பவர் இதற்காகச் சில நூறு ரூபாய் கூடக் கொடுப்பது தகும்.

பொருத்துவதில் நிறையப் பேர் கோட்டை விடுவது இரண்டு இடத்தில். ஆர்.சி.சி.பி. ஓவர்லோடுக்கு ட்ரிப் ஆகாது. முன்னால் 16 ஆம்பியர் எம்.சி.பி. கட்டாயம். இரண்டும் ஒன்றாக வேண்டுமானால் ஆர்.சி.பி.ஓ. என்று கேளுங்கள். அடுத்தது நியூட்ரல். பெட்டியைத் தாண்டிய நியூட்ரல் வேறு எந்த லைனின் நியூட்ரலோடும் சேரக் கூடாது, எர்த்தோடும் சேரக் கூடாது. பழைய ராயபுரம் வீடுகளில் ஒரே நியூட்ரலை இரண்டு அறைக்கு இழுத்திருப்பார்கள். அங்கே மாட்டினால் லைட் போட்டதும் டப்பென்று விழும். "பெட்டி சரியில்லை" என்று அதைக் கழற்றிவிட்டு லைனை நேராக இணைத்துவிடுவார்கள். குறை வயரிங்கில்தான். சந்தேகம் வந்தால் எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். ஈரம் ஏறிய வாட்டர் ஹீட்டர் சுருளும், ஒரே லைனில் தொங்கும் ஏழெட்டு எஸ்.எம்.பி.எஸ்.-களின் ஃபில்டர் கெபாசிட்டர்களும் சேர்ந்தே 15 எம்.ஏ. கசிவை எட்டிவிடும்.

டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். அது பெட்டியை மட்டும் சோதிக்கும், எர்த்தை அல்ல. காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றில் எர்த் பைப்பின் கிளாம்ப் துருப்பிடித்துத் தூளாகிக் கிடப்பதைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

இனி, பெட்டி கைவிடும் இடங்கள். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பட்டால், போனது அப்படியே திரும்பி வருகிறது. பெட்டிக்கு நீங்களும் ஒரு பல்புதான். மெயின் லைனிலிருந்து பிரித்துக் கரண்ட் தரும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னாலும் அதே கதை: ஒரு முனையைத் தொட்டால் ஒன்றுமில்லை, இரண்டையும் தொட்டால் காப்பாற்ற ஆளில்லை. போர்டின் மெயின்ஸ் பக்கத்தில் (பிரைமரி) ஓசிலோஸ்கோப் வைக்கும்போது மட்டும் அந்த டிரான்ஸ்ஃபார்மரைப் போடுங்கள். போர்டோடு சீரிஸில் ஒரு பல்ப் போட்டால் பாதுகாப்பு என்ற பேச்சு மேஜைக்கு மேஜை உண்டு. அது மாஸ்ஃபெட் (போர்டின் ஸ்விட்ச்சிங் டிரான்சிஸ்டர்) வெடிக்காமல் காக்கும். 60 வாட் பல்ப் கால் ஆம்பியர் விடும். உயிரை எடுக்க அதில் பாதிகூட வேண்டாம்.

மோசமானது மெயின் கெபாசிட்டர். 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் உச்சம் 325. சின்ன எல்.இ.டி. டிவியின் 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் சுமார் 5 ஜூல் நிற்கும், இன்வெர்ட்டர் ஏ.சி. அவுட்டோர் போர்டில் 1,000 மைக்ரோஃபாரட் என்றால் 50-ஐத் தாண்டும். ஓடுகிற போர்டை அணைத்தால் லோடு அதைக் குடித்துவிடும். செத்த போர்டில் குடிக்க யாரும் இல்லை, சார்ஜ் அப்படியே நிற்கும். ரிப்பேருக்கு வருவதெல்லாம் செத்த போர்டுதான்! பிளக்கைப் பிடுங்கியாகிவிட்டதே என்று தொடுபவர் இங்கேதான் மாட்டுகிறார். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்தால் போர்டின் செம்பு டிராக் பறக்கும், கெபாசிட்டரின் காலும் பொசுங்கும். 2.2 கிலோ ஓம், 10 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டருக்கு இரு பக்கமும் இன்சுலேஷன் வயரும் கிளிப்பும் வைத்து, சார்ஜை இறக்கும் கருவி ஒன்று செய்துகொள்ளுங்கள். கெபாசிட்டரின் இரு காலிலும் அதை மாட்டி, 220 மைக்ரோஃபாரட்டுக்கு 3 விநாடி, 1,000-க்கு 11 விநாடி விடுங்கள். பிறகு மீட்டரை டி.சி. 1,000 வோல்ட் ரேஞ்சில் வைத்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். நியான் டெஸ்டரை நம்பி டி.சி.யில் கை வைக்காதீர்கள்.

மைக்ரோவேவ் ஓவன் தனி ரகம். டிரான்ஸ்ஃபார்மர் தரும் 2,000 வோல்ட்டின் ஒரு முனை பாடியிலேயே இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுப் பக்கத்தில் (செகண்டரி) நடப்பது ஆர்.சி.சி.பி.க்குத் தெரியவே தெரியாது. அதை லைவில் அளக்கும் பழக்கமே வேண்டாம்.

யாராவது மாட்டிக்கொண்டால் முதலில் கரண்டைக் கட் செய்யுங்கள்; முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளுங்கள், கை வைக்காதீர்கள். மூச்சு இல்லை என்றால் 108-க்குச் சொல்லிவிட்டு மார்பின் நடுவே 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். எழுந்து உட்கார்ந்தாலும் படபடப்போ மயக்கமோ இருந்தால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

கரண்டை வேறொருவர் சட்டென்று கட் செய்ய வேண்டியிருக்கும் என்பதால், பெட்டியை மேஜைக்கு மேலே மாட்ட வேண்டாம். வாசல் நிலைக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில், எதிர்க்கடை அண்ணன் ஓடி வந்து தட்டிவிடும்படி இருக்கட்டும்.