ஹோம்ஸ் ஒன்றா, இரண்டா? குன்னூரில் ஓயாத ஒரு பஞ்சாயத்து

ராபர்ட் டவுனி ஜூனியர் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த படங்கள் இரண்டு. முதல் படம் 2009-இல் வந்தது. அதன் தொடர்ச்சியான 'எ கேம் ஆஃப் ஷேடோஸ்' 2011 டிசம்பரில் வந்தது. இரண்டுக்கும் இயக்குநர் கை ரிச்சி, ஹோம்ஸின் நண்பர் வாட்சனாக ஜூட் லா, இசை ஹான்ஸ் ஸிம்மர். நீளத்தில்கூட ஒரு நிமிடம்தான் வித்தியாசம். இருந்தும் குன்னூரில் எங்கள் வட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் வர்க்கி தீரும், டீ ஆறும், பஞ்சாயத்து மட்டும் முடியாது. 'முதல் படம்தான் துப்பறியும் படம், இரண்டாவது வெறும் அடிதடி' என்கிறது ஒரு கட்சி. 'இரண்டாவதில்தான் ஹோம்ஸுக்குச் சரியான எதிரி கிடைக்கிறான்' என்கிறது இன்னொன்று. நான் இரண்டாவது கட்சி. முடிவு வரை பேசப்போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

எதிர்க்கட்சியின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. முதல் படத்தில் மார்க் ஸ்ட்ராங் நடித்த பிளாக்வுட் பிரபு தூக்கில் தொங்கிய பிறகும் கல்லறையிலிருந்து எழுந்து வருகிறான். மாந்திரீகம், பயம், ஒன்றுமே புரியாத சாவுகள். கடைசியில், பாதி கட்டியிருக்கும் லண்டன் டவர் பிரிட்ஜ் மேல் நின்று ஹோம்ஸ் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கும்போது 'அட, இதுதானா!' என்று ஒரு திருப்தி வரும். இரண்டாவதில் அது கிடையாது. குற்றவாளி பேராசிரியர் மோரியார்ட்டி என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. யார் செய்தது என்ற கேள்வியே இல்லை.

ஆனால் துப்பே இல்லை என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் கூட்டத்தில் நர்சரி நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். மோரியார்ட்டியின் அறைக்கு ஹோம்ஸ் முதல்முறை போகும் காட்சியில் எல்லோரும் இருவரின் பேச்சைக் கவனித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும், "செடி வளர்க்கப் புத்தகம் வைத்திருக்கிறான், செடியைப் பார், வாடிக் கிடக்கிறது" என்றார். வீட்டுக்கு வீடு பூந்தொட்டி வைத்திருக்கிற ஊரில் இது கண்ணில் படாமல் போகாது. படத்தின் முக்கியமான துப்பே அதுதான். மோரியார்ட்டியின் கணக்குகள் எல்லாம் ஒரு சிவப்புக் குறிப்பேட்டில் ரகசியக் குறியீடாக இருக்கின்றன. அதைத் திறக்கும் சாவி அந்தத் தோட்டக்கலைப் புத்தகம். செடி மேல் அக்கறை இல்லாதவனுக்கு அந்தப் புத்தகம் எதற்கு என்று ஹோம்ஸ் யோசித்ததில்தான் பேராசிரியரின் மொத்தச் சொத்தும் பறிபோகிறது. முதல் படம் துப்பைக் காட்டி, கைதட்டலுக்குக் காத்திருக்கும். இரண்டாவது அதை ஓடுகிற ஓட்டத்தில் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. இரண்டாம் முறை பார்ப்பவர்களுக்குத்தான் அது அகப்படும். இதைப் படத்தின் குறை என்று சொல்லலாம்தான், எனக்குக் குறையாகப் படவில்லை.

என் கட்சிக்கு முக்கியமான சாட்சி சண்டைக் காட்சிகள். முதல் படத்தில் குத்துச்சண்டைக் களத்தில் நிற்கும் ஹோம்ஸ் அடிப்பதற்கு முன்பே ஒவ்வொரு அடியையும் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பார். எந்த எலும்பு உடையும், எதிராளி தேற எவ்வளவு நாள் ஆகும் என்பது வரை கணக்கு. பிறகு நிஜத்திலும் அப்படியே நடக்கும். பார்க்க ஜோர், ஆனால் அதைத் தாண்டி அதற்கு வேலை இல்லை. இரண்டாம் பாகம் இதே வித்தையை எடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. ஒரு இடத்தில் ஹோம்ஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, குறிசொல்லும் பெண் சிம் கத்தியை வீசிக் கணக்கைக் கலைத்துவிடுகிறாள். (எங்கள் ஊர் சிம்ஸ் பார்க்கை வைத்து இங்கே ஒரு கிண்டல் வராமல் இருக்காது.) கடைசியில் சுவிட்சர்லாந்து அருவிக்கு மேலே, பால்கனியில், ஹோம்ஸ் மனதுக்குள் சண்டையைத் தொடங்க, மோரியார்ட்டியும் அதே ஆட்டத்தை ஆடுகிறான். இருவரும் நின்ற இடத்தில் நின்றபடியே மோதுகிறார்கள். ஏற்கெனவே காயம்பட்ட தோளோடு ஜெயிக்க முடியாது என்று ஹோம்ஸுக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே எதிரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே குதிக்கிறார்.

ஹோம்ஸ் அருவியில் விழுவது புதிதில்லை. ஹோம்ஸைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயில் 1893-இலேயே எழுதிவிட்டார், வாசகர்கள் விடாமல் கேட்க, 1903-இல் திருப்பியும் கொண்டுவந்தார். அதனால் பிழைப்பாரா என்ற பதைப்பு யாருக்கும் இல்லை. கணக்கில் தோற்பது உறுதியானதால் குதிக்கிறார் என்பதுதான் படம் சேர்த்தது. முதல் பாகத்தில் இந்த அளவுக்கு யோசித்த காட்சி ஒன்றுகூட இல்லை என்பேன்.

வில்லனுக்கு வருவோம். பிளாக்வுட்டுக்கு வேண்டியது அதிகாரம், அதற்கு அவன் பிடித்த வழி மந்திர வேடம். ஜாரெட் ஹாரிஸின் மோரியார்ட்டி வேடமே போடுவதில்லை. பருத்தி, அபின், எஃகு, ஆயுதம் என்று ஒவ்வொன்றாகக் கைக்குள் கொண்டுவந்து, குண்டையும் காயத்துக்குக் கட்டும் துணியையும் தானே விற்கலாம் என்று போரை மூட்டப் பார்க்கிறான். அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களோடு பார்த்தார். வெடிமருந்துக்கென்று 1903 வாக்கில் வெள்ளைக்காரன் எழுப்பிய இடம் அது. ஜெர்மன் ஆயுத ஆலைக் காட்சி முடிந்ததும், "மாந்திரீகத்தை நம்பச் சொன்னால் சிரிப்பு வருகிறது, இதை நம்பச் சொல்லவே வேண்டாம்" என்றார். அவர் ஓட்டு அங்கேயே எங்கள் பக்கம் விழுந்தது.

பெண்கள் விஷயத்தில் இரண்டாம் பாகத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். முதல் படத்தின் உயிரே, ஹோம்ஸின் மனதைக் கவர்ந்த கில்லாடிப் பெண் ஐரீன் ஆட்லர்தான். அவரைத் தொடக்கத்திலேயே விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். நூமி ரபாஸ் போன்ற நடிகையை சிம்மாகப் போட்டுவிட்டு, பாதி நேரம் கூடவே ஓட மட்டும் விட்டிருக்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் தங்கைகள் இரண்டு பேர் இதைச் சொன்னபோது எங்கள் தரப்பில் பதிலே இல்லை.

காட்டுக்குள் பீரங்கிக் குண்டுகளுக்கு நடுவே ஓடும் மெதுவோட்டக் காட்சி சிலருக்கு அலுப்பு, எனக்கு விருந்து. ரயில் சண்டையும் அப்படித்தான். வாட்சனின் புது மனைவியை ஹோம்ஸ் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளும்போது வயிறு வலிக்கச் சிரித்தோம். நகைச்சுவையில் இரண்டாவது ஒரு படி மேல் என்பதில் எதிர்க்கட்சிக்கும் சம்மதம்.

ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால், புதிர் பிடித்தவர்கள் முதலாவதைப் போடுங்கள், மற்றவர்கள் இரண்டாவதை. மலைக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஆடி மழையில் தகரக் கூரைக்குக் கீழே பார்த்தால் வசனம் பாதி கேட்காது. வசனத்தில்தான் முடிச்சு அவிழ்கிறது என்பதால் முதல் படத்தை மழை இல்லாத ஜனவரி உறைபனிக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதில் குண்டு வெடிப்பது எந்த மழையிலும் கேட்கும்.