டீசல் பிக்கப்பில் செல்ஃப் எடுக்கவில்லையா? டெஸ்ட் லேம்ப், மல்டிமீட்டர், ஸ்கேனர்: எது எதற்கு உதவும்?

சாவியைத் திருப்பினால் "டக்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. அடுத்து பெரும்பாலும் நடப்பது என்ன? பேட்டரியை மாற்றுவார்கள். சரியாகாவிட்டால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். சில வண்டிகளில் இரண்டுமே புதிதாகிவிடும், "டக்" மட்டும் பழையபடி இருக்கும். பொருளை மாற்றிப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிப்பதைவிடச் செலவான வழி வேறில்லை. அதில் நான் ஒத்துக்கொள்ளும் ஒரே மாற்றம் ரிலே, அதாவது சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச். ஃபியூஸ் பெட்டியில் அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால், அதை எடுத்து ஸ்டார்ட்டர் ரிலே இடத்தில் செருகிப் பார்க்கலாம். ஒரு பைசா செலவில்லை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். செல்ஃப் சுற்றவே இல்லையா, அல்லது நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? இரண்டுக்கும் தேடும் இடம் வேறு, கருவியும் வேறு.

சுற்றவே இல்லை என்றால் எல்லோரும் முதலில் செய்வது இன்னொரு பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுப்பது. வண்டி கிளம்பியதும் "பேட்டரி போயிடுச்சு" என்று தீர்ப்பும் எழுதிவிடுவார்கள். ஆனால் ஜம்ப் கேபிளின் கறுப்புக் கிளிப்பை எங்கே மாட்டினீர்கள்? பாதுகாப்புக்காக எஞ்சின் பிளாக்கில் மாட்டச் சொல்வார்கள், அது சரிதான். அப்படி மாட்டும்போது எஞ்சினுக்கு வரும் எர்த் வயர் சோதனையிலிருந்து விலகிப்போகிறது. அந்த வயர் துருப்பிடித்துக் கிடந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடும். மறுநாள் புதுப் பேட்டரியோடு அதே "டக்". ஜம்ப் வண்டியை நகர்த்த உதவும், நோயைச் சொல்லாது.

டெஸ்ட் லேம்ப், அதாவது இரண்டு முனை உள்ள சின்ன பல்பு, அப்படியல்ல, அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. செல்ஃபின் சோலினாய்டுக்கு (செல்ஃபுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) வரும் மெல்லிய வயரில் லேம்ப்பின் முனையை வைத்து, மறுமுனையை பேட்டரி மைனஸில் மாட்டி, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். லேம்ப் எரியவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ், கிளட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச் பக்கம் போகலாம். எரிந்தும் செல்ஃப் பேசாமல் இருந்தால் கோளாறு பெரும்பாலும் தடித்த கேபிளிலோ செல்ஃபுக்குள்ளேயோதான். ஒரே நிமிடத்தில் பாதி வண்டி சந்தேகத்திலிருந்து விடுபட்டுவிடும்.

இந்த இடத்தில் டிஜிட்டல் மல்டிமீட்டரை நம்பினால் ஏமாற்றம்தான். அது வயரிலிருந்து கரண்ட்டே இழுப்பதில்லை என்று சொல்லலாம். அதனால் வயருக்குள் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் 12 வோல்ட் காட்டும். லேம்ப்புக்கும் அதே பலவீனம் கொஞ்சம் உண்டு, சின்ன பல்பு இழுப்பது மிகக் குறைவு. 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்து வைத்துக்கொண்டால் அது 4.5 ஆம்பியர் போல இழுக்கும், நொந்துபோன வயர் மங்கலாகக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எந்த பல்பையும் கம்ப்யூட்டர், சென்சார் வயர்களில் குத்திப் பார்க்காதீர்கள்.

தடித்த கேபிள் என்று வந்துவிட்டால் லேம்ப் ஒதுங்க வேண்டியதுதான். 12 வோல்ட்டுக்கும் 10.5 வோல்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மல்டிமீட்டரின் இடம் இதுதான், அதுவும் ஓம்ஸில் வைத்து அல்ல. கேபிளைக் கழற்றி ஓம்ஸ் பார்த்து "நல்லா இருக்கு" என்று திரும்ப மாட்டுவது வீண் வேலை. செல்ஃப் 300 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் காணாமல் போகும். சாதாரண மீட்டர் அந்த 0.01 ஓமைப் பார்க்கவே பார்க்காது.

அதனால் கரண்ட் ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ் ஈயக் குமிழின் மேலேயே வையுங்கள், கிளாம்பின் மேல் அல்ல. கறுப்பு முனை செல்ஃபின் தடித்த போல்ட்டில். சாவியைத் திருப்பும்போது 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் பிளஸ் பக்கம் சரி. அப்புறம் பேட்டரி மைனஸ் குமிழுக்கும் செல்ஃப் உடம்புக்கும் இடையே அதையே செய்யுங்கள், 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் குமிழிலிருந்து கிளாம்ப், கிளாம்பிலிருந்து லக் (கேபிள் நுனியில் அழுத்திய உலோக முனை) என்று ஒவ்வொரு கட்டமாக நகருங்கள். எந்த இடத்தில் எண் குதிக்கிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் லக் அழுத்திய இடத்தில் உறைக்குள் பச்சை பூத்திருக்கும்.

இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட பூஜ்யம், செல்ஃப் போல்ட்டில் 12 வோல்ட், ஆனால் வெறும் "டக்" மட்டும் என்றால்? கேபிள் வழியே கரண்ட்டே போகவில்லை. சோலினாய்டுக்குள் செம்புக் கான்டாக்ட் தேய்ந்திருக்கலாம், கார்பன் பிரஷ் தீர்ந்திருக்கலாம். இப்போது செல்ஃபைக் கழற்றுவதில் நியாயம் உண்டு.

சாவி திருப்பும்போது பேட்டரி குமிழ்களிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். "டக டக டக" என்று விடாமல் அடிப்பதும் பெரும்பாலும் அதன் அடையாளம்தான். இரட்டைப் பேட்டரி வண்டியில் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாகப் பாருங்கள், செத்தது ஒன்று மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும். டிசி கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தால் இன்னும் நல்லது. மெதுவாகச் சுற்றிக்கொண்டே அதிகம் இழுத்தால் செல்ஃபோ எஞ்சினோ இறுகியிருக்கிறது. மெதுவாகச் சுற்றியும் குறைவாக இழுத்தால் வழியில் தடை.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இதில் எதையும் பார்க்காது. கேபிள் துருவுக்குக் கோட் (கம்ப்யூட்டர் பதியும் கோளாறு எண்) கிடையாது. போதாததற்கு, வோல்ட் குறையும்போது சம்பந்தமில்லாத கோட்கள் வரிசையாக விழும், அவற்றை நம்பிச் சென்சார் வாங்கினால் பணம் போச்சு. ஆனால் செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்காத காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும்) வண்டியில் அதற்கு ஈடில்லை. சுற்றும்போது ஆர்பிஎம் பூஜ்யமாகவே நின்றால் கிராங்க் சென்சார் பக்கம் போகலாம். ரெயில் (டீசல் குழாய்) அழுத்தம் ஏறவில்லை என்றால் டீசல் பக்கம். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் மறித்தாலும் சொல்லிவிடும். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் மறுபடி டெஸ்ட் லேம்ப்தான்: சாவி போட்டதும் டீசலைத் திறந்து மூடும் பம்ப்பின் ஃபியூயல் கட் சோலினாய்டு வயரில் கரண்ட் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

குளிரில் ஸ்டார்ட் செய்ய எஞ்சினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக்குக்கும் லேம்ப் போதும். மேலே இணைக்கும் பட்டியைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸிலிருந்து லேம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கையும் தொடுங்கள். எரியாத இடத்தில் பிளக் போய்விட்டது. லேம்ப் இல்லாமல் நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். புதிய வண்டிகளில் பல பிளக்குகள் அதைவிடக் குறைந்த வோல்ட்டில் ஓடுபவை, நொடியில் கருகிவிடும்.

ஸ்க்ரூடிரைவரால் செல்ஃபை ஷார்ட் செய்து பார்க்கும் "வழி"யை ஒப்பிடவே நான் விரும்பவில்லை. கியரில் நிற்கும் வண்டி அடியில் படுத்திருப்பவர் மேலேயே ஏறிவிடும்.