நெல்லிச்சாறு பாட்டில்: கொடுக்கும் காசுக்கு வைட்டமின் சி எவ்வளவு?

நாட்டு மருந்துக் கடை, சூப்பர் மார்க்கெட், மெடிக்கல் ஷாப் என்று எங்கே போனாலும் நெல்லிச்சாறு பாட்டில் கண்ணில் படுகிறது. பெரும்பாலும் அரை லிட்டர் அல்லது ஒரு லிட்டர். தினமும் 30 மி.லி. தண்ணீரில் கலந்து குடிக்கச் சொல்வார்கள். வைட்டமின் சி-க்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால், பில் போடும் முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்பது நல்லது.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, ஒரு நாளைக்கு ஆண்களுக்கு 80 மி.கி., பெண்களுக்கு 65, கர்ப்பிணிகளுக்கு 80, பாலூட்டும் தாய்மார்களுக்கு 115 வைட்டமின் சி தேவை. நெல்லிக்காய் என்றதும் '100 கிராமில் 600 மி.கி.' என்று ஒரு எண் சுற்றிவரும். அது பழைய அட்டவணையில் உள்ளது. 2017-இல் அதே நிறுவனம் வெளியிட்ட அட்டவணையில் 252 என்றுதான் இருக்கிறது. அதுவும் குறைவில்லை. 40 கிராம் காயில் கொட்டை போக 36 கிராம் சதை என்று வைத்தாலும் 90 மி.கி. தேறும். அதாவது பாலூட்டும் தாய்மார்களைத் தவிர மற்றவர்களுக்கு ஒரே ஒரு பச்சைக் காயில் அன்றைய தேவை முடிந்தது. (அரைநெல்லியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வேறு மரம், இந்தச் சத்தும் அதில் சொற்பம்.)

பாட்டிலுக்கு வருவோம். இந்த வைட்டமினுக்குச் சூடு, காற்று, வெளிச்சம் மூன்றும் ஆகாது. சாறு கெடாமலிருக்கச் சூடுபடுத்துகிறார்கள். பிறகு குடோன், லாரி, கடை அலமாரி என்று மாதக்கணக்கில் கிடக்கிறது. ஆகவே முன்பக்கத்து இலையையும் காயையும் விட்டுவிட்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். தண்ணீர் முதலில் வந்தால், பாட்டிலில் அதிகம் இருப்பது தண்ணீர்தான். பொருட்களை எடை வரிசையில்தான் அச்சிட வேண்டும். ஐஎன்எஸ் என்பது உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான சர்வதேச எண். 330 என்றால் புளிப்புக்கான சிட்ரிக் அமிலம். 211 சோடியம் பென்சோயேட், 202 பொட்டாசியம் சார்பேட், 224 பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட், இவை சாறு கெடாமலிருக்கச் சேர்ப்பவை. ஐஎன்எஸ் 300 இருந்தால் வைட்டமின் சி-யைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள் என்று பொருள். தப்பில்லை, ஆனால் அதற்கு நெல்லிக்காய் விலை எதற்கு? 300-உம் 211-உம் சேர்ந்திருக்கும் பாட்டிலை வெயில் படும் இடத்தில் வைக்கவே கூடாது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பென்சீன் துளியளவு உருவாக வாய்ப்புண்டு.

நாக்கும் ஒரு சோதனைக்கூடம்தான். நல்ல நெல்லிச்சாறு முதலில் துவர்க்கும், பிறகு புளிக்கும், மேலே தண்ணீர் குடித்தால் இனிக்கும். வெறும் புளிப்பு மட்டும் பல்லைக் கூசவைத்தால் 330-இன் கைவரிசை என்று சந்தேகிக்கலாம். அடியில் வண்டல் தங்குவது இயல்பு. சாறு கரும்பழுப்பாகியிருந்தால் பழைய சரக்கு, எடுக்காதீர்கள்.

வீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க எளிய வழி உண்டு. அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வடிகஞ்சி கலந்து, புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடின் மருந்தை நாலைந்து சொட்டு விடுங்கள். கருநீலமாகும். அதில் பாட்டில் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, நிறம் மறைய எத்தனை சொட்டு ஆகிறது என்று எண்ணுங்கள். இன்னொரு டம்ளரில் அப்போதே பிழிந்த சாற்றை விட்டு எண்ணுங்கள். அதிகச் சொட்டு கேட்பது எதுவோ அதில் சத்து குறைவு. இரண்டு இடத்தில் இது ஏமாற்றும்: 224 உள்ள பாட்டில் சல்ஃபைட்டாலேயே நிறத்தை அழித்துவிடும், நெல்லியின் துவர்ப்புப் பொருளும் கொஞ்சம் அழிக்கும். எனவே மி.கி. கணக்கு இதில் கிடைக்காது. சோதித்த கலவையைக் கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது.

வாங்கியே தீர வேண்டுமென்றால் அரை லிட்டர் போதும். தினம் 30 மி.லி. வீதம் 16 நாளில் தீரும். லிட்டர் பாட்டில் 33 நாள் இழுக்கும். சாறு குறையக் குறைய உள்ளே காற்று ஏறிக்கொண்டே போகும். திறந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

தேன் நெல்லியை மிட்டாய் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். காயைக் குத்தி, வேகவைத்து, பாகில் ஊறப்போடும்போது சத்தில் ஒரு பகுதி சூட்டில் போகிறது, ஒரு பகுதி பாகில் இறங்குகிறது. வெயிலில் காய்ந்து கறுத்த நெல்லி வற்றல் வாய்க்கு ருசி, ஆனால் சத்தில் பெரும்பகுதி போயிருக்கும்.

உண்மையில் பாட்டிலுக்குப் போட்டி கொய்யா. 100 கிராமில் 200 மி.கி.க்கு மேல். தோலைச் சீவாதீர்கள், சத்து அங்கேதான் அதிகம். எலுமிச்சையை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: 100 கிராம் சாற்றில் 48 மி.கி.தான். ஒரு பழத்தில் 25 கிராம் சாறு வந்தால் 12 மி.கி. ஆனாலும் கீரையையோ பருப்பையோ அடுப்பிலிருந்து இறக்கியபின் பிழிந்துகொண்டால், அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவும்.

நெல்லி மலிவாக வரும் நாட்களில் ஒரு கிலோ வாங்கி, எவர்சில்வர் கத்தியால் நறுக்கி (இரும்புக் கத்தி பட்டால் கறுக்கும்), கொட்டை நீக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைத்து, ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவிடுங்கள். கட்டியானதும் காற்று நீக்கிய பையில் போட்டு ஃப்ரீசரிலேயே வைத்துவிடலாம். தினம் இரண்டு கட்டி, உப்பும் இஞ்சியும் சேர்த்து மோரில். கொதிக்கும் ரசத்தில் போட்டால் பாதி வேலை வீண்.