வீட்டுக்கே பிசியோ அனுப்பும் ஆப்பில் மொத்தப் பணத்தையும் முன்னாலேயே கட்டாதீர்கள்

இன்று காலை கடைசிப் பதில் வந்துவிட்டது. "பேக்கேஜ் விதிமுறைப்படி ரீஃபண்ட் கிடையாது. மீதமுள்ள அமர்வுகளை எங்கள் பிற சேவைகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்." கை நடுங்க நடுங்கத்தான் இதை எழுதுகிறேன். ஆப்பின் பெயரைப் போடவில்லை. வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட்டை அனுப்புகிற ஆப் என்று தெரிந்துகொண்டால் போதும். போனது என்னுடைய இரண்டு மாதச் சம்பளம். தோள் ஆபரேஷன் ஆனவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் எதிலெல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது கை எலும்பு, தோளோடு சேர்கிற இடத்தில் நாலு துண்டாக உடைந்துவிட்டது. தகடு வைத்து ஸ்க்ரூ போட்டாலும் இந்த வயதில் அது சரியாகக் கூடுவது சந்தேகம், மூட்டையே மாற்றிவிடலாம் என்றார் டாக்டர். செய்தது ரிவர்ஸ் முறை. நமக்கெல்லாம் கை எலும்பின் உச்சியில் பந்து, தோள்பட்டை எலும்பில் கிண்ணம். இதில் இடம் மாற்றி வைப்பார்கள். பந்து தோள்பட்டைக்குப் போய்விடும், கிண்ணம் கை எலும்புக்கு வந்துவிடும். தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கிற ரொட்டேட்டர் கஃப் தசைநார்கள் பழையபடி வேலை செய்யாவிட்டாலும், வெளியே இருக்கிற டெல்டாய்டு தசையே கையைத் தூக்கிவிடும். தசைநார் ஒட்டியிருக்கிற உடைந்த எலும்புத் துணுக்குகளைப் புது மூட்டைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார்கள். அது கூடுவதற்கு நாளாகும்.

அதுவரை என்ன செய்யக் கூடாது என்று டாக்டர் என் கையையே பிடித்துக் காட்டினார். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகவே கூடாது. நாற்காலியிலிருந்து எழும்போது அந்தக் கையை ஊன்றக் கூடாது. படுத்தால் முழங்கைக்குக் கீழே தலையணை வேண்டும், அம்மா குனிந்து பார்த்தால் முழங்கை கண்ணுக்குத் தெரிய வேண்டும். பன்னிரண்டு வாரத்துக்கு இப்படி. மீறினால் மூட்டு நழுவிவிடலாம், கட்டிய துணுக்கும் பிய்ந்துவிடலாம் என்றார். டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாவது வரியிலேயே 'ரிவர்ஸ்' என்று எழுதியிருந்தது. பின்னால் வந்த தெரபிஸ்ட் அந்த ஒரு வார்த்தையைப் படித்திருந்தால் இந்தப் பதிவுக்கே அவசியம் இருந்திருக்காது.

மூன்றாவது வாரம் ஆப்பில் பதிவு செய்தோம். முதல் நாள் வந்த பெண்ணை நான் இன்னும் குறை சொல்ல மாட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்தார். ஃபைலை வாங்கி முழுக்கப் படித்தார். கையைத் தாங்கக் கழுத்தில் மாட்டியிருந்த ஸ்லிங்கைக் கழற்றும்போது முழங்கை ஒரு நொடிகூடத் தொங்கிவிடாமல் தன் முன்கையால் தாங்கிக்கொண்டார். விரலை மடக்கி நீட்டுவது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்குவது, அவ்வளவுதான் அன்றைக்கு. "அவசரமே இல்லம்மா. இந்தக் கையை நாம மெதுவா எழுப்புவோம்"னு சொன்னார். விழுந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அம்மா சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் எனக்கு ஃபோன் வந்தது, ஆப்பின் ஒருங்கிணைப்பாளர். 24 அமர்வுக்கும் இன்றைக்கே மொத்தமாகக் கட்டினால் இதே தெரபிஸ்ட்டை ஒதுக்கிவிடுவோம், இல்லையென்றால் வேறு யாருக்காவது போய்விடுவார் என்றார். "கடைசி வரைக்கும் இவங்களேதான் வருவாங்களா?"னு இரண்டு தடவை கேட்டேன். "கண்டிப்பா மேடம், ஒரே தெரபிஸ்ட்தான்." அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், கட்டிவிட்டேன். இரண்டு மாதச் சம்பளம், ஒரே தட்டில்.

அந்தப் பெண் மூன்று முறை வந்தார். நாலாவது முறை வேறொருவர், ஐந்தாவது முறை இன்னொருவர். கேட்டால் "லீவ்ல இருக்காங்க மேடம்". ஆறாவது முறை ஒரு இளைஞன் வந்தான். ஆபரேஷன் ஆகி ஐந்தாவது வாரம் அது. ஃபைலை நீட்டினேன், வாங்கி சோஃபாவில் வைத்து அதன் மேல் தன் ஃபோனை வைத்தான். "தோள் இறுகிடுச்சு, இழுத்து விட்டாத்தான் சரியாகும்" என்றான். பின்னால் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். "அதெல்லாம் மொத ரெண்டு வாரத்துக்குத்தான் மேடம். நீங்க தோளை மட்டும் அழுத்திப் பிடிச்சுக்குங்க."

நான் பிடித்துக்கொண்டேன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு துண்டின் ஒரு முனையை அம்மாவின் கையில் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மறுமுனையை மேலே இழுத்தான். அம்மா கத்தவில்லை. "விடச் சொல்லும்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ ஒன்று முடிச்சு அவிழ்கிற மாதிரி நழுவியது. இதை எழுதும்போதும் அந்த இடத்தில் எனக்கு அது தெரிகிறது.

மறுநாள் எக்ஸ்ரே. பந்து கிண்ணத்தில்தான் இருக்கிறது, அந்த மட்டில் தப்பித்தோம். கட்டியிருந்த எலும்புத் துணுக்குகளில் ஒன்று இடம் நகர்ந்திருக்கிறது. கையை வெளிப்பக்கமாகத் திருப்புகிற தசைநார் ஒட்டியிருக்கிற துணுக்கு அது. மறுபடியும் நாலு வாரம் ஸ்லிங். அந்தக் கையால் இனி தானே தலை வாரிக்கொள்ள முடியுமா என்று அம்மா கேட்டார். பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். வாசல் வரைக்கும் அம்மா பேசவே இல்லை.

இது நேற்று வந்த ஆபரேஷனும் இல்லை. பிரான்ஸில் போல் கிராமோன் என்ற டாக்டர் இந்த முறையை 1985-லேயே உருவாக்கிவிட்டார். வீடு வீடாகப் போய் ஆபரேஷன் ஆன தோளைத் தொடுகிறவருக்கு அது தெரியவில்லை என்றால், அவரை அனுப்பியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கேட்டேன். அன்று ராத்திரியே ஆப்பிலிருந்து வந்த முதல் செய்தி, இன்றைய அமர்வுக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று. சாட்டில் எழுதினால் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு டிக்கெட் எண் தந்தார்கள். இரண்டு நாளில் யாரும் பேசாமலேயே "தீர்க்கப்பட்டது" என்று அந்த டிக்கெட்டை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தேன். கிளினிக்கல் டீம் கூப்பிடும் என்றார்கள், நாலு நாள் கழித்து ஒருவர் கூப்பிட்டு, "வலி வர்றது ட்ரீட்மென்ட்ல ஒரு பகுதிதான் மேடம்" என்றார். எக்ஸ்ரே அனுப்பினேன். இது எங்கள் அமர்வில்தான் நடந்தது என்பதற்கு வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். எந்த மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டே வீடியோ எடுப்பாள்? நடக்காத 18 அமர்வின் பணத்தையாவது கொடுங்கள் என்றேன். அதற்கான பதில்தான் இன்று காலை வந்தது. இரண்டு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி அவர்களிடம் சும்மா கிடக்கிறது, அதைப் 'பிற சேவை'யில் கழித்துக்கொள்ள வேண்டுமாம்.

முதலில் வந்த அந்தப் பெண்ணின் எண் என்னிடம் இருந்தது. பேசினேன். அழுதுவிட்டார். "என்னை எல்லா வீட்டுக்கும் மொத சில விசிட்டுக்குத்தான்க்கா அனுப்புவாங்க" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு எல்லாம் புரிந்தது.

கவனமாக இருக்க வேண்டியவை என்று நிறைய எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. முக்கியமானது மட்டும். மொத்தப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள், ஒவ்வொரு முறைக்கும் தனியாகக் கொடுங்கள். யார் வந்தாலும் "இது எந்த வகை மூட்டு மாற்று, எத்தனாவது வாரம்?" என்று நீங்கள் கேளுங்கள், ஃபைலைப் பார்க்காமல் பதில் சொல்கிறவரைத் தொடவிடாதீர்கள். செய்யக் கூடாததை டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். நான் நிறுத்தவில்லை.

அம்மா கூப்பிடுகிறார், முழங்கைக்குக் கீழே வைத்த தலையணை நழுவிவிட்டதாம். போகிறேன்.